கடல் கடந்த ஆங்கில வகுப்பு

ஆங்கிலம் கற்பிக்கும் அயல்நாட்டு ஆசிரியர் என்றாலே வெள்ளைக்காரர்தான் நம் நினைவுக்கு வருகிறார். மதுரைக்கு இது பழகிய தோற்றம். அமெரிக்க மதுரை மிஷன் 1881-இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரியே இன்றைய அமெரிக்கன் கல்லூரி. தென்கொரியாவும் இந்த எண்ணத்திலிருந்து விடுபடவில்லை. 1995-இல் அந்நாடு தன் பள்ளிகளுக்கு அயல்நாட்டு ஆங்கில ஆசிரியர்களை அழைக்கத் தொடங்கியபோது அமெரிக்கா, பிரிட்டன், கனடா போன்ற நாடுகளையே நாடியது. இன்றும் அத்திட்டம் ஏழு நாடுகளின் குடிமக்களையே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என ஏற்கிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

மாலத்தீவில் நிலைமை வேறு. அங்கு அயல்நாட்டு ஆசிரியர்களில் தமிழ்நாட்டவரும் கேரளத்தவரும் நிறைந்திருக்கின்றனர். வாடிப்பட்டியில் தனியார் பள்ளி ஆசிரியராக இருந்த நானும் அவர்களில் ஒருவனாக நான்கு ஆண்டுகள் அங்கு பணியாற்றினேன்.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் உண்டு. மக்கள் வாழ்பவை 200-க்கும் குறைவு. சிறிய தீவானாலும் அதற்கென ஒரு பள்ளி வேண்டும். 1960-களில் ஆங்கிலவழிக் கல்வி அறிமுகமானது. அதற்கேற்ற ஆசிரியர்கள் உள்நாட்டில் போதுமான அளவில் இல்லை. நம்மவர்களுக்கு வாய்ப்பு அமைந்தது இப்படித்தான்.

நான் இருந்த தீவை இருபது நிமிடங்களில் நடந்து சுற்றிவிடலாம். வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். வெள்ளியும் சனியும் விடுமுறை. குடிப்பதற்கு மழைநீர், உணவுக்குச் சூரை மீன். காய்கறி படகில்தான் வர வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் சீறினால் படகு வராது. அந்நாள்களில் அங்கும் விளையும் முருங்கைக்கீரைதான் எனக்குத் துணை. பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்தவனுக்கு ஒரு கட்டுக் கீரையின் அருமை அங்கேதான் புரிந்தது.

வகுப்பறை எனக்குக் கற்பித்தது இதைவிட அதிகம். திவேஹி மொழியின் தானா எழுத்து வலமிருந்து இடமாகச் செல்லும். சிறு குழந்தைகள் ஆங்கிலக் குறிப்பேட்டையும் பின்பக்கத்திலிருந்து தொடங்குவர். முதலில் அதைத் தவறென்று திருத்தினேன். பிறகு, இரண்டு திசைகளில் எழுதப் பழகும் அந்தப் பிஞ்சு விரல்களின் உழைப்பு எனக்குப் புரிந்தது.

இந்தியர் என்பதால் மாணவர்கள் என்னிடம் ஹிந்தித் திரைப்பட வசனங்களைப் பேசிப் பார்த்தனர். எனக்கோ ஹிந்தி தெரியாது, திவேஹியும் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எஞ்சியது ஆங்கிலம் மட்டுமே. வாடிப்பட்டியில் ஒவ்வோர் ஆங்கில வாக்கியத்தையும் தமிழில் விளக்கிப் பாடத்தை முடித்துவிடுவேன். இங்கே அந்த வசதி இல்லை. மாணவர்கள் பிழையோடு பேசினர். பேசப் பேசப் பிழை குறைந்தது. ஒருநாள் என் 'யெம்', 'யென்' உச்சரிப்பை ஒரு சிறுவன் அப்படியே திருப்பிச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், அன்றுமுதல் என்னையும் திருத்திக்கொண்டேன். ஐந்து ஆண்டுகள் ஆங்கில இலக்கணம் கற்பித்த நான், ஆங்கிலம் பேசக் கற்றது அந்தத் தீவில்தான்.

புறப்படத் துடிக்கும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. முகவர் ஒருவர் சொன்ன சம்பளத்துக்கும் நான் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் இருந்த சம்பளத்துக்கும் வேறுபாடு இருந்தது. வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு நிற்பவரால் அப்போது மறுத்துப் பேச முடியாது. வெளிநாட்டுக்கு ஆளெடுக்கும் முகவர் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் இயங்குகிறது. ஊரில் இருக்கும்போதே ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தம், இந்தியர்கள் அந்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராவதற்கும் இடமளிக்கிறது. ஆங்கிலம் கற்பிக்கும் தகுதி பிறப்பால் மட்டும் வருவதில்லை என்பதற்கான சிறு ஒப்புதலாகவே இதைக் கருதுகிறேன்.

ஊர் திரும்பிய பின் என்னை உறுத்துவது ஒன்றுதான். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும், நேர்முகத் தேர்வில் தன் பெயருக்கு மேல் ஒரு வாக்கியம் பேசத் தயங்கும் பிள்ளைகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றனர். அவர்களுக்கு அறிவுக் குறைவு இல்லை. பேசியே ஆக வேண்டிய தேவையும், பிழையாகப் பேசினால் ஏளனம் செய்யாத வகுப்பும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதற்கு வெள்ளைக்கார ஆசிரியரை வரவழைக்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு பாடவேளைகளைத் தேர்வுக்கும் மதிப்பெண்ணுக்கும் அப்பாற்பட்ட பேச்சுக்கென ஒதுக்கினால் போதும்.

எங்கள் ஊர் வாடிப்பட்டி மேளத்துக்குப் பெயர்பெற்றது. மேளத்தை யாரும் இலக்கணம் படித்துக் கற்பதில்லை. பெரியவர்களுடன் நின்று, தப்பும் தவறுமாக அடித்துத்தான் கைப்பழக்கம் வருகிறது. ஆங்கிலமும் அப்படித்தான், நாம் இன்னும் நம் பிள்ளைகளின் கையில் குச்சியைக் கொடுக்கவில்லை.