ரெபெட்டிகோ இசை

ரெபெட்டிகோ என்பது 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கிரேக்க நாட்டின் துறைமுக நகரங்களில் வளர்ந்த நகர்ப்புறப் பாடல் இசை. பிரேயஸ், ஏதென்ஸ், தெசலோனிக்கி ஆகியவை இதன் முக்கிய மையங்கள். அனத்தோலியாவிலிருந்து (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) வெளியேற்றப்பட்ட அகதிகளும், கிரேக்கத் தீவுகளிலிருந்து பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவர்களும் சேர்ந்து உருவாக்கியது இது. ஒரு காலத்தில் 'துருக்கிய இசை', 'போக்கிரிகளின் பாட்டு' என்று ஒதுக்கப்பட்டு, பின்னர் கிரேக்கத்தின் பண்பாட்டு மரபாக ஏற்கப்பட்டது.

மக்கள் பரிமாற்றம்

1919 முதல் 1922 வரை நடந்த கிரேக்க–துருக்கியப் போரில் கிரேக்கம் தோற்றது. 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா (இன்றைய இஸ்மீர்) நகரத்தின் கிரேக்க, ஆர்மீனியக் குடியிருப்புகள் தீயில் அழிந்தன. 1923 ஜனவரியில் லோசான் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் கட்டாய மக்கள் பரிமாற்றத்துக்கு வழி செய்தது. போரின்போதே தப்பி வந்தவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 லட்சம் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கு வந்தனர். சுமார் 3.5 லட்சம் முதல் 4 லட்சம் வரையான முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டனர். அப்போது கிரேக்கத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 50 லட்சம்தான்.

யார் எந்த நாட்டுக்குரியவர் என்பதை மொழியைக் கொண்டு முடிவு செய்யவில்லை. மதத்தைக் கொண்டே முடிவு செய்தனர். இதனால் துருக்கிய மொழி மட்டுமே அறிந்த கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் போக நேர்ந்தது. 'தாய்நாட்டுக்குத் திரும்பியவர்கள்' என்று அரசு கூறிய அகதிகளை உள்ளூர் மக்களில் பலர் 'துருக்கிய வித்து' என்று இழிவாக அழைத்தனர். பிரேயஸ் துறைமுகத்தைச் சுற்றிக் கொக்கினியா, டிராபெட்சோனா போன்ற அகதிக் குடியிருப்புகள் எழுந்தன.

இரண்டு பாணிகள்

ரெபெட்டிகோவில் இரண்டு பாணிகள் குறிப்பிடப்படுகின்றன. முதலாவது ஸ்மிர்னா பாணி. வயலின், சந்தூரி, ஊத், கானூன் ஆகிய கருவிகளுடன் காப்பிக்கடை மேடைகளில் பாடப்பட்டது. 'அமான்' என்ற சொல்லை நீட்டி இசைக்கும் 'அமானேஸ்' இதன் சிறப்பு வடிவம். தாளக்கட்டின்றிப் பாடும் நம் ஆலாபனையோடும் விருத்தத்தோடும் இதை ஒப்பிடலாம். இப்பாணியின் புகழ்பெற்ற பாடகி ரோசா எஸ்கெனாசி இஸ்தான்புல்லில் பிறந்த யூதர். கிரேக்கம், துருக்கியம், லடினோ உள்ளிட்ட மொழிகளில் பாடியவர்.

இரண்டாவது பிரேயஸ் பாணி. நீண்ட கழுத்துடைய பூசூக்கியும் அதன் சிறிய வடிவமான பக்லமாசும் இதன் கருவிகள். சிறை, வறுமை, காதல், கஞ்சாப் பிசின் புகைக்கும் கூடங்கள் ஆகியவை பாடுபொருள்கள். இதன் முன்னோடியான மார்க்கோஸ் வம்வகாரிஸ் அகதி அல்லர். சைரோஸ் தீவிலிருந்து வந்து பிரேயஸ் இறைச்சிக்கூடத்தில் வேலை செய்தவர். 1930களில் அவருடன் நால்வர் குழுவாக இசைத்த அனெஸ்டிஸ் டெலியாஸ் ஸ்மிர்னாவில் பிறந்தவர். இக்கூட்டே ரெபெட்டிகோவின் இயல்பைக் காட்டுகிறது: ஊரை இழந்தவரும் ஊரை விட்டு வந்தவரும் ஒரே தெருவில் வாழ்ந்ததன் விளைவு அது.

பண்ணும் தாளமும்

ரெபெட்டிகோவின் இசை வடிவங்கள் 'திரோமி' எனப்படுகின்றன; இச்சொல்லுக்குப் 'பாதைகள்' என்று பொருள். ராஸ்த், ஹிட்சாஸ், சபாஹ் என அவற்றின் பெயர்கள் உஸ்மானிய மக்காம்களிலிருந்து வந்தவை. ஹிட்சாஸ்கியார் என்னும் பாதையின் சுரங்கள் கர்நாடக இசையின் மாயாமாளவகௌளைக்கு இணையானவை.

மெட்டு இல்லாத ஊத்திலும் வயலினிலும் மக்காமின் நுண்சுருதிகளை வாசிக்க முடியும். பூசூக்கியிலோ 12 சுரத்தானங்களுக்கான மெட்டுகள் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். எனவே பூசூக்கி முதன்மை பெற்றபோது நுண்சுருதிகள் மறைந்தன. பெயர்களும் சுர அமைப்பும் எஞ்சின. செய்பேக்கிகோ என்ற தனிநபர் ஆட்டத்தின் 9 எண்ணிக்கைத் தாளமும் மேற்கு அனத்தோலியாவின் செய்பெக் வீரர்களின் ஆட்டத்தோடு தொடர்புடையது.

அமெரிக்காவும் இசைத்தட்டும்

அகதிகள் வருவதற்கு முன்பே நியூயார்க்கில் குடியேறிய கிரேக்கர்களுக்காக இசைத்தட்டுகள் வெளியாயின. மரிக்கா பபகிக்கா 1918 முதல் அங்கே பதிவு செய்தார். 1932இல் அமெரிக்காவில் பதிவான ஒரு பூசூக்கித் தட்டு கிரேக்கத்தில் நன்கு விற்றது. அதன் பிறகே ஏதென்ஸ் நிறுவனங்கள் இக்கருவியைப் பதிவு செய்வதில் ஆர்வம் காட்டின. ஹிட்சாஸ்கியாரில் அமைந்த 'மிசிர்லூ' 1927இல் தெத்தோஸ் தெமெத்ரியாதெஸ் குரலில் பதிவானது. 1962இல் டிக் டேல் அதைக் கித்தாரில் வாசித்தார். 1994இல் வந்த 'பல்ப் ஃபிக்‌ஷன்' திரைப்படம் வழியாக உலகெங்கும் பரவியது அவர் வாசித்த வடிவமே.

தடை

துருக்கி அரசு 1934இல் உஸ்மானிய மரபிசையை வானொலியில் ஒலிபரப்பத் தடை விதித்தது; அது 1936 வரை நீடித்தது. கிரேக்கத்தில் 1936 ஆகஸ்டில் ஆட்சியைப் பிடித்த மெட்டாக்சாஸ், இசைத்தட்டுகளுக்குத் தணிக்கை கொண்டுவந்தார். கஞ்சாப் பாடல்களோடு அமானேசும் விலக்கப்பட்டது. ஒரே இசைக் குடும்பத்தை ஓர் அரசு 'கீழைத்தேயத்தது' என்றும், மற்றோர் அரசு 'துருக்கியது' என்றும் தள்ளின. மேற்கத்திய நாடாகத் தோன்ற வேண்டும் என்ற விருப்பம் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

மறுமதிப்பு

போருக்குப் பின் வசிலிஸ் சிட்சானிஸ் பாடல்களை மென்மையாக்கி நடுத்தர வர்க்கத்திடம் கொண்டுசேர்த்தார். 1949இல் இசையமைப்பாளர் மனோஸ் ஹட்சிடாகிஸ் ஏதென்சில் ஆற்றிய உரை, ரெபெட்டிகோவை பைசாந்திய தேவாலய இசையோடும் நாட்டுப்புறப் பாடலோடும் இணைத்துப் போற்றியது. அதனால் இசைக்கு மதிப்புக் கிடைத்தது. ஆனால் உஸ்மானிய வேர்கள் பின்னுக்குப் போயின. 1968இல் ரெபெட்டிகோ பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட இலியாஸ் பெத்ரோபுலோஸ், ராணுவ ஆட்சியில் அதற்காகச் சிறை சென்றார்.

2017இல் யுனெஸ்கோ ரெபெட்டிகோவை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் கிரேக்கத்தின் பெயரில் சேர்த்தது. ஆயினும் ஒரு நாட்டின் பெயருக்குள் இவ்விசை முழுமையாக அடங்குவதில்லை. ஸ்மிர்னாவிலும் இஸ்தான்புல்லிலும் பிறந்த மெட்டுகள் இன்றும் ஏஜியன் கடலின் இரு கரைகளிலும், இரு மொழிகளிலும் பாடப்படுகின்றன.