கூமாப்பட்டிக்கு ஃபேமிலி ட்ரிப்பா? ஏங்க... அது பார்க் இல்ல, பாசன பூமி!

2025 ஜூனில் இன்ஸ்டா ரீல்ஸால் தமிழ்நாடு முழுக்க டிரெண்டானது விருதுநகர் மாவட்டம் கூமாப்பட்டி. 'தனித்தீவு' என்று நினைத்துக் குழந்தைகளோடு கிளம்பி வந்த பலருக்கு ஏமாற்றம்தான். அப்படியென்றால், அங்கே என்னதான் இருக்கு?

எங்கே இருக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், வத்திராயிருப்பை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில். நெல் வயல், தென்னந்தோப்பு, கண்மாய்... இதுதான் ஊர்.

தண்ணீர் எப்படி வருகிறது?

மலையில் பெய்யும் மழை, பிளவக்கல் திட்டத்தின் பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு அணைகளில் தேங்குகிறது. அங்கிருந்து கால்வாய் வழியாகக் கண்மாய்களுக்கும், பிறகு மடை வழியாக வயலுக்கும் போகிறது. ரீல்ஸில் பளபளக்கும் தண்ணீர் நெல்லுக்கானது. அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை.

பழைய கிராம வாழ்க்கையைக் குழந்தைகளுக்குக் காட்டணுமா?

அதற்கென்றே இருக்கிறது சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா. 1996-ல் திறக்கப்பட்டது. பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிவிட்டு வீட்டுக்குள்ளேயே நுழைந்து பார்க்கலாம்.

கூமாப்பட்டியில் என்ன கவனிக்கணும்?

இங்கே டிக்கெட் இல்லை, ஆனால் வயலுக்குச் சொந்தக்காரர் உண்டு. கேட்காமல் வரப்பில் இறங்காதீங்க. பாட்டில் உடைந்தால் அந்தக் கண்ணாடி, வெறுங்காலோடு நாற்று நடுபவர் காலில்தான் குத்தும். மேலே இருக்கும் காடு, 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் அங்கே ஏறக் கூடாது.