குழந்தை பிறந்த முதல் 40 நாள்: பணத்தை எங்கே செலவு பண்ணணும், எங்கே நிறுத்தணும்?



வீட்டுக்கு ஒரு குட்டி விருந்தாளி வரப்போறாங்கன்னு தெரிஞ்ச உடனே நாம செய்ற முதல் வேலை, போன்ல ஷாப்பிங் லிஸ்ட் போடுறது. ஸ்ட்ரோலர், மரத் தொட்டில், பாட்டில் ஸ்டெரிலைசர்னு கார்ட் நிரம்பிடும். ஆனா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மூணாவது நாளே உண்மை தெரிஞ்சிடும். வீட்ல குறையுறது பொருள் இல்ல, தூக்கமும் ஒத்தாசைக்கு ஆளும்தான்.

பச்சைக் குழந்தைக்கு ராத்திரி, பகல் தெரியாது. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் பாலுக்கு அழும். அம்மாவுக்குத் தையல் வலி ஒரு பக்கம், தூக்கமின்மை ஒரு பக்கம். இந்த நேரத்துல எடுக்கிற பண முடிவுகள் பெரும்பாலும் அவசர முடிவுகளாத்தான் இருக்கும். அதனால முடிவுகளை இப்பவே எடுத்து வெச்சுடலாம்.

1. பொருளைக் குறைங்க, ஆளை வைங்க

ஒரு சின்னக் கணக்கு. ஸ்ட்ரோலர் 12,000, மரத் தொட்டில் 9,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. மொத்தம் 21,000. வீட்டு வேலைக்கும் துணி துவைக்கவும் வர்ற அக்காவுக்கு மாசம் 7,000 கொடுத்தா, அதே பணத்துல மூணு மாசம் ஓடும். உங்க ஊர் ரேட் மாறலாம், ஆனா கணக்கு இதேதான். முதல் 40 நாள் குழந்தைக்குத் தேவை பால், சுத்தம், கதகதப்பு, தூக்கம். தூளி கட்ட வீட்ல இருக்கிற நல்ல காட்டன் சேலையே போதும்.

டயாப்பரையும் கணக்குல சேருங்க. ஒண்ணு 10 ரூபாய்னு ஒரு நாளைக்கு 8 மாத்தினா, மாசம் 2,400. பகல்ல பழைய வேஷ்டித் துணி, ராத்திரிக்கு மட்டும் டயாப்பர்னு வெச்சா செலவு பாதிக்குக் கீழே வரும். ஆனா ஒண்ணு, அந்தத் துணியைத் துவைக்கிறது பிள்ளை பெத்தவங்களா இருக்கக் கூடாது. அப்படின்னா டயாப்பரே வாங்கிடுங்க. அங்கே மிச்சம் பிடிக்காதீங்க.

2. லீவை மொத்தமா ஆஸ்பத்திரியிலேயே தீர்க்காதீங்க

அம்மாக்களுக்கு முதல் ரெண்டு குழந்தைக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோட லீவு உண்டு. அதுக்கு பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாசத்துல அந்த கம்பெனியில 80 நாளாவது வேலை பார்த்திருக்கணும். அப்பாக்களுக்கு மத்திய அரசு வேலைன்னா 15 நாள். தனியார் வேலைக்கு அப்படி ஒரு சட்டம் இல்ல, கம்பெனி கொடுக்கிறதுதான்.

பல அப்பாக்கள் பிரசவம் நடந்த வாரமே எல்லா லீவையும் எடுத்துடுவாங்க. அப்போ பாட்டி, அத்தை, சித்தின்னு சுத்தி ஆள் நிக்கும். அவங்க எல்லாரும் ஊருக்குக் கிளம்பின பிறகுதான் வீடு காலியாகும், வேலை ரெண்டு பேர் தலையில விழும். மனைவி தாய் வீட்ல இருக்காங்கன்னா, குழந்தையோட உங்க வீட்டுக்குத் திரும்புற வாரம்தான் கஷ்டமான வாரம். பாதி லீவை அதுக்கு ஒதுக்கி வைங்க.

ராத்திரி ஷிஃப்ட்டையும் பிரிச்சுக்கோங்க. பால் கொடுக்கிறது அம்மாதான். ஏப்பம் விட வைக்கிறது, துணி மாத்துறது, தூங்க வைக்கிறது எல்லாம் அப்பாவும் செய்யலாம். ரெண்டு பேருக்குமே ஒரு நாளைக்கு நாலு மணி நேரமாவது தொடர்ந்து தூக்கம் கிடைக்கணும்.

3. ரெண்டு கெடு தேதிகள்

முதலாவது, 21 நாள். அதுக்குள்ள பிறப்பைப் பதிவு பண்ணினா கட்டணம் இல்ல. ஆஸ்பத்திரியில பிறந்தா அவங்களே தகவல் அனுப்பிடுவாங்க. நீங்க பார்க்க வேண்டியது அப்பா, அம்மா பெயரோட ஸ்பெல்லிங்கும் இனிஷியலும் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு. குழந்தைக்குப் பெயர் முடிவாகலைன்னா கவலை வேண்டாம், ஒரு வருஷத்துக்குள்ள கட்டணம் இல்லாமலே சேர்க்கலாம்.

ரெண்டாவது, ஆபீஸ் மருத்துவக் காப்பீடு. குழந்தையைச் சேர்க்க பல கம்பெனிகள்ல 30 நாள்தான் கெடு, சில இடத்துல அதைவிடக் குறைவு. பெயர் இல்லாமலும் அம்மா பெயரை வெச்சுச் சேர்க்க வழி இருக்கும், எச்.ஆர். கிட்ட கேளுங்க. பிறந்த முதல் வாரத்துல நிறையக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வரும். அதிகமானா நீல விளக்குக்கு அடியில வைக்கச் சொல்வாங்க. அந்த பில் குழந்தை பெயர்ல தனியா வரலாம். அதனால பிரசவத்துக்கு முன்னாடியே ஒரு மெயில் போட்டு, குழந்தைக்கு முதல் நாள்ல இருந்தே கவர் இருக்கான்னு எழுத்துல வாங்கிடுங்க.

4. தடுப்பூசியை விட்டுடாதீங்க

பி.சி.ஜி., போலியோ, ஹெபடைட்டிஸ் பி மூணும் பிறந்த உடனே போடுவாங்க. அப்புறம் 6, 10, 14-வது வாரம். அரசு அட்டவணையில இருக்கிற தடுப்பூசிகள் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். தனியார்ல ஒரு விசிட்டே ஆயிரக்கணக்குல போகும். டாக்டர் கூடுதலா எதையாவது சொன்னா, அதை மட்டும் வெளியே போட்டுக்கலாம்.

5. 90 நாளைக்கு எதுலயும் கையெழுத்து போடாதீங்க

குழந்தை பிறந்த செய்தி தெரிஞ்சதும் 'சைல்டு பிளான்' போன்கால் வர ஆரம்பிக்கும். சொந்தக்காரரே ஏஜென்ட்டா இருப்பார். "மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம் மாமா"ன்னு சொல்லிடுங்க. பெண் குழந்தைக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்க 10 வயசு வரைக்கும் டைம் இருக்கு. தள்ளிப் போடக் கூடாதது ஒண்ணுதான்: சம்பாதிக்கிறவங்க பெயர்ல ஒரு டேர்ம் இன்சூரன்ஸ். ஏற்கெனவே தப்பான ஆயுள் பாலிசியில மாட்டிக்கிட்டீங்களா? பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்துடலாம்.

இந்தச் செலவுக்கு மட்டும் கணக்கு பார்க்காதீங்க

பிரசவத்துக்குப் பிறகு சில நாள் காரணமில்லாம அழுகை வர்றது சகஜம். ரெண்டு வாரம் தாண்டியும் அழுகை, பயம், குழந்தை மேல ஒட்டுதல் இல்லாமை இருந்தா, "பிள்ளை பெத்தா அப்படித்தான்"னு விட்டுடாதீங்க. டாக்டரைப் பாருங்க. 14416, டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம். அதேபோல குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சலோ, பால் குடிக்காம சோர்ந்து கிடந்தாலோ, விடியட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி போங்க. இதுக்காகவே 25,000 ரூபாயாவது சேமிப்புக் கணக்குல தனியா இருக்கட்டும். எஃப்.டி.யை உடைக்கிற வேலை ராத்திரி ரெண்டு மணிக்கு வேண்டாம்.

இன்னிக்கே செய்ய வேண்டியது மூணு: எச்.ஆர்.க்கு மெயில், ஒத்தாசைக்கு ஒரு ஆள், லீவை ரெண்டா பிரிச்சு ஒரு பிளான். ஸ்ட்ரோலர் எல்லாம் குழந்தை உட்காரப் பழகின பிறகு வாங்கிக்கலாம்.

உங்க வீட்ல முதல் மாசம் எந்தச் செலவு நிஜமாவே உதவிச்சு? கமெண்ட்ல எழுதுங்க, அடுத்து அப்பா அம்மா ஆகப் போறவங்களுக்கு உதவும்.