கோபால்ட்: தாதுவும் மீட்சியும்

தனிம அட்டவணையில் இரும்புக்கும் நிக்கலுக்கும் இடையே 27-ஆம் இடத்தில் அமைந்துள்ள உலோகம் கோபால்ட் ஆகும். இது கடினமானது, காந்தத்தால் ஈர்க்கப்படுவது, 1,495 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகுவது. இதன் சேர்மங்கள் பழங்காலந்தொட்டே கண்ணாடிக்கு நீல நிறமூட்டப் பயன்பட்டு வந்தன. எனினும், அந்நிறத்திற்குக் காரணம் ஒரு தனி உலோகமே என்பதை 1735-ஆம் ஆண்டையொட்டித்தான் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் கேயார்க் பிராண்ட் நிறுவினார்.

சேர்மங்களில் கோபால்ட் அணு பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில் காணப்படுகிறது. நீரில் கரையும் சாதாரண உப்புக்களில் இரண்டை இழந்த நிலையே உறுதியானது. அம்மோனியா மூலக்கூறுகள் சூழ்ந்திருப்பின், மூன்றை இழந்த நிலை உறுதி பெறுகிறது. நிறமும் சூழலைப் பொறுத்ததே. நீர் மூலக்கூறுகளைக் கொண்ட கோபால்ட் குளோரைடு இளஞ்சிவப்பாகவும், நீர் நீங்கியபின் நீலமாகவும் தோன்றும். காற்றின் ஈரத்தைக் காட்ட இம்மாற்றம் பயன்பட்டு வந்துள்ளது.

எலக்ட்ரானை இழந்து மீண்டும் ஏற்கும் இவ்வியல்பே மின்கலத் தொழிலுக்கு உதவியது. லித்தியம் கோபால்ட் ஆக்சைடில் மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் வெளியேறுகின்றன. கோபால்ட் மேலும் எலக்ட்ரானை இழக்கிறது. மின்கலம் இயங்கும்போது இது தலைகீழாக நிகழ்கிறது. ஜான் குட்எனஃப் குழுவினர் 1980-இல் வெளியிட்ட இவ்வாய்வின் பயனாக, 1991-இல் லித்தியம் அயனி மின்கலம் விற்பனைக்கு வந்தது.

உலகச் சுரங்க உற்பத்தியில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் நடைபெறுகிறது. சுத்திகரிப்பில் பெரும்பங்கு சீனாவினுடையது. மேலும், கோபால்ட் பெரும்பாலும் செம்பு, நிக்கல் ஆகியவற்றின் துணைப்பொருளாகவே கிடைக்கிறது. ஆகவே, அதன் விலை உயர்ந்த மாத்திரத்தில் உற்பத்தி பெருகிவிடாது. இந்தியாவில் ஒடிசா மாநிலத்தின் சுகிந்தா பகுதியில் நிக்கலுடன் கலந்து இவ்வுலோகம் காணப்படினும், நம் தேவைக்கு இறக்குமதியையே நம்ப வேண்டியுள்ளது. 2023-இல் மத்திய அரசு அறிவித்த 30 இன்றியமையாக் கனிமங்களுள் கோபால்ட்டும் ஒன்று.

பழைய மின்கலங்கள் இதற்கு மற்றொரு மூலமாகும். அவற்றிலுள்ள ஆக்சைடு அமிலத்தில் எளிதில் கரைவதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்தால், கோபால்ட் ஓர் எலக்ட்ரானை ஏற்று, இரண்டை இழந்த நிலைக்குத் திரும்பிக் கரைகிறது. பின்னர் அதனைப் பிரித்தெடுக்கலாம். மின்கலக் கழிவைச் சேகரிக்கும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர்களிடம் ஒப்படைத்தன. 2025-26 வரவு-செலவுத் திட்டம் கோபால்ட் கழிவுக்கும் லித்தியம் அயனி மின்கலக் கழிவுக்கும் சுங்கவரி விலக்கு அறிவித்தது. எனினும், வீடுகளில் பயனின்றிக் கிடக்கும் கைப்பேசிகள் முறையான ஆலைகளை வந்தடைந்தாலன்றி இவ்வேற்பாடுகள் முழுப் பலன் தாரா. வேதியியல் வழி காட்டிவிட்டது. எஞ்சியிருப்பது சேகரிப்புப் பணியே.