அக்கா பெயர் யாழினி... தம்பிக்கு என்ன பெயர்?

முதல் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது வீட்டில் ஒரே கேள்விதான்: ‘என்ன பேரு வைக்கலாம்?’ இரண்டாவது குழந்தை வந்ததும் இன்னொரு கேள்வி கூடவே வந்துவிடும்: ‘மூத்தவ பேரோட சேர்த்துக் கூப்பிட நல்லா இருக்குமா?’

ஆசை நியாயமானதுதான். இரண்டு பெயர்களும் வாழ்நாள் முழுக்க ஒன்றாகவே உச்சரிக்கப்படப் போகின்றன. ஆனால், பொருத்தம் பார்க்கிற ஆர்வத்தில் இரண்டாவது குழந்தைக்குச் சொந்தமாக ஒரு பெயர் இல்லாமல் போய்விடக் கூடாது. அதற்குச் சில யோசனைகள்...

ஒரே ஓசை வேண்டுமா?

ரமேஷ் - சுரேஷ், கீதா - சீதா என்று ஓசை பார்த்துப் பெயர் வைப்பது நம் வீடுகளில் பழைய பழக்கம். கேட்க இனிமையாக இருக்கும். கூப்பிடும்போதுதான் சிக்கல். அடுப்படியில் இருந்து அம்மா ஒருவனைக் கூப்பிட்டால், மற்றவன் வந்து நிற்பான்.

பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிடுவது எல்லாப் பெற்றோருக்கும் நடப்பதுதான். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து, 2013-ல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். உடன்பிறந்தவர்களின் பெயர்கள் ஒரே ஓசையில் தொடங்கினாலோ முடிந்தாலோ, பெற்றோர் மாற்றிக் கூப்பிடுவது அதிகமாகிறது என்பதே அவர்கள் கண்டது.

எனவே தொடக்கமும் முடிவும் ஒரே மாதிரி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். நடிப்பிலும் நாட்டியத்திலும் புகழ்பெற்ற திருவாங்கூர் சகோதரிகளின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: லலிதா, பத்மினி, ராகினி. மூன்றுக்கும் ஒரே நீளம், ஒரே நடை. ஆனாலும் ஒன்றை இன்னொன்றாகக் கேட்க வாய்ப்பே இல்லை.

செல்லப் பெயரையும் யோசியுங்கள்

கவின், கவிதா இரண்டும் வேறு வேறு பெயர்கள்தான். சுருக்கிக் கூப்பிட்டால் இருவருமே ‘கவி’! பிரியதர்ஷினி, திவ்யதர்ஷினி இருவரும் ‘தர்ஷினி’ ஆகிவிடுவார்கள். பெயரை முடிவு செய்வதற்கு முன், பாட்டியும் பக்கத்து வீட்டுக்காரரும் அதை எப்படிச் சுருக்குவார்கள் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இனிஷியலில் இருக்கிறது விஷயம்

ஒரே தந்தை, ஒரே இனிஷியல், ஒரே முகவரி. பெயரின் முதல் எழுத்தும் ஒன்றானால் பள்ளிப் பதிவேட்டிலும் மருத்துவமனைக் கோப்பிலும் ஒருவர் விவரம் இன்னொருவர் கணக்கில் ஏற வாய்ப்பு உண்டு. இரட்டைக் குழந்தைகளுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. அவர்களுக்குப் பிறந்த தேதியும் ஒன்றே என்பதால், பல ஆவணங்களில் அவர்களைப் பிரித்துக் காட்டுவது பெயர் மட்டும்தான்.

ஜோடிப் பெயர்களில் கவனம்

கங்கா - யமுனா, லவன் - குசன், ஹசன் - ஹுசைன், மார்த்தா - மேரி என்று எல்லாச் சமயத்தவருக்கும் ஜோடிப் பெயர்கள் உண்டு. சேரன் - சோழன் என்று வைத்தால், மூன்றாவதாகப் பெண் பிறந்தால் என்ன செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். லட்சுமணன் என்று பெயர் வைத்தால் ‘உங்க அண்ணன் ராமனா?’ என்று ஆயுசுக்கும் கேட்பார்கள். அண்ணனைச் சொல்லாமலேயே அந்தப் பெயர் தனியாக நிற்குமா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீடுகளில், கடைசிப் பெண்ணுக்கு ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ என்றெல்லாம் பெயர் வைத்த காலம் உண்டு. பெற்றவர்களின் வருத்தத்தை அந்தப் பெண் பள்ளியிலும் வேலையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் சுமந்தாள். பெயர் பிள்ளைக்கு உரியது என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

தாத்தா பெயர், நட்சத்திர எழுத்து

‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். மூத்தவனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், இளையவனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர் என்பது பல குடும்பங்களில் உள்ள வழக்கம். இரண்டு பெயர்களும் ஓசையில் ஒட்டாவிட்டாலும் உறவில் ஒட்டும்.

நட்சத்திரம் பார்த்து முதல் எழுத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஓசைப் பொருத்தம் எளிதில் அமையாது. கிருத்திகைக்கு அ, இ, உ, எ என்றும் ரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்றும் எழுத்துகள் வேறுபடும். அப்போது பொருளில் பொருத்தம் தேடலாம். அக்கா நிலா என்றால் தம்பி கதிர். அக்கா யாழினி என்றால் தம்பிக்கு இசை தொடர்பான ஒரு பெயர்.

சான்றிதழில் கோட்டை விடாதீர்கள்

அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டியதில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டால், குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணம் செலுத்தி 15 வருடங்கள் வரை சேர்க்க முடியும். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஆதார் ஆகியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே முக்கிய ஆதாரம் என்பதால், தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

சான்றிதழ் வாங்கும்போது மூத்த குழந்தையின் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா பெயர்களின் ஆங்கில எழுத்துகள் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். யாழினிக்கு ‘ழ’வை ‘இசட் - ஹெச்’ என்று எழுதிவிட்டு, எழிலனுக்கு ‘எல்’ போட வேண்டாம். ஒருவருக்கு இனிஷியல் முன்னால், இன்னொருவருக்கு அப்பா பெயர் பின்னால் என்றும் வேண்டாம்.

ஜோடி சேர்ப்பது பெயரல்ல

வைஷாலி, பிரக்ஞானந்தா. ஓசை, நீளம், முதல் எழுத்து எதிலும் இந்தப் பெயர்களுக்குப் பொருத்தம் இல்லை. ஆனால் உலகிலேயே முதன்முதலாக அக்கா - தம்பி இருவரும் செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், அந்த இரண்டு பெயர்களையும் நாடே ஒரே மூச்சில் சொல்கிறது. பெயர்கள் ஒட்டவில்லையே என்று கவலைப்படாதீர்கள். பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு வளர்ந்தால், கேட்பவர் காதுக்கு எந்த இரண்டு பெயரும் பொருத்தமாகத்தான் இருக்கும்.