பட்டாணி வேரில் வாழும் நுண்ணுயிர்கள்

பட்டாணிச் செடியொன்றை மண்ணோடு மெல்லப் பெயர்த்தெடுத்து, வேரை நீரில் கழுவிப் பார்ப்போமானால், அதில் சிறுசிறு முடிச்சுகள் இருக்கக் காண்போம். அவை நோயின் அடையாளம் அல்ல. ரைசோபியம் என்னும் பாக்டீரியாக்களின் உறைவிடங்களே அவை. செயற்படும் முடிச்சைக் கீறினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும்.

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது. எனினும், செடிகளால் அதனை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. ரைசோபியம் அதனைச் செடிக்கு ஏற்ற சத்தாக மாற்றித் தருகிறது. செடியோ அதற்கு உணவளிக்கிறது. முடிச்சுகளுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள இத்தொடர்பை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் 1886ஆம் ஆண்டில் அறிவித்தார். 1888இல் டச்சு அறிஞர் பெயெரிங்க் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தார்.

பட்டாணி வேரில் முடிச்சை உண்டாக்கும் பாக்டீரியாவிற்கு ரைசோபியம் லெகுமினோசாரம் என்பது பெயர். பெயர் ஒன்றாயினும், அவையாவும் ஒரே தன்மையன அல்ல. இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் வளர்ந்த குளோவர், வெட்ச் ஆகிய செடிகளின் முடிச்சுகளிலிருந்து இவ்வகைப் பாக்டீரியாக்கள் 72 எடுத்து ஆராயப்பட்டன. வெட்ச் என்பது பட்டாணிக்கு நெருங்கிய உறவுடைய செடியாகும். மரபணுக்களை ஒப்பிட்டபோது அவை ஐந்து பிரிவுகளாகப் பிரிந்தன. இம்முடிவு 2015இல் வெளியாயிற்று.

இத்துணை வேறுபாடு எதனால்? முடிச்சை உண்டாக்கும் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் தனி வளையங்களில் அமைந்துள்ளன. அவ்வளையங்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லக்கூடியவை. ஆதலால், புதிய சேர்க்கைகள் தோன்றுகின்றன.

இவ்வேறுபாட்டின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஆப்கானிஸ்தான் பட்டாணி வகையொன்றில் ஐரோப்பிய மண்ணின் பாக்டீரியாக்கள் பொதுவாக முடிச்சை உண்டாக்குவதில்லை. துருக்கி மண்ணில் கிடைத்த ஒருவகையோ அதனைச் செய்தது. அதனிடம் இருந்த ஒரு கூடுதல் மரபணுவே அதற்குக் காரணம்.

எனவே, விதையோடு கலந்திடும் பாக்டீரியா அப்பயிருக்குப் பொருந்தியதாக இருத்தல் வேண்டும். பொருந்தாவிடில் முடிச்சுத் தோன்றாது. தோன்றினும் போதிய சத்துக் கிடைக்காது போகலாம். பலவகை நுண்ணுயிர்கள் வாழும் மண்ணில்தான் புதிய பயிருக்கும் ஏற்ற துணை கிடைக்க வாய்ப்புண்டு.

பட்டாணி குளிர்ந்த இடங்களில் செழிக்கும் பயிர். எனினும், நம் நாட்டு இரப்பர், செம்பனைத் தோட்டங்களில் மண்ணை மூடிப் படரும் பயற்றினக் கொடிகளின் வேர்களிலும் இத்தகைய முடிச்சுகள் உண்டு. அவற்றை உண்டாக்குபவை வேறு வகைப் பாக்டீரியாக்கள். காலடியில் கிடக்கும் ஒரு பிடி மண்ணும் வெறும் மண் அன்று என்பதை நாம் உணர்ந்து, அதனைப் பேணுவோமாக.