ஊர் மாறலாம், அணி மாறலாமா?

இங்கிலாந்து நாட்டுக்காரர் வேலையை மாற்றுவார். வீட்டை மாற்றுவார். தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாற்றி ஓட்டுப் போடுவார். ஆனால், சிறு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்த கால்பந்து அணியை மட்டும் மாற்றமாட்டார்.

அணி ஜெயித்தால் அவருக்குத் தலைகால் புரியாது. தோற்றால், திங்கட்கிழமை ஆபீசில் யாரோடும் பேசமாட்டார். "இனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன்" என்று மனைவியிடம் சபதம் செய்வார். அடுத்த சனிக்கிழமை, கொட்டுகிற மழையில் மைதான வாசலில் முதல் ஆளாக நிற்பார்!

சனிக்கிழமை 3 மணி

இந்தப் பைத்தியம் பிடித்த கதை ஆலைச் சங்கிலிருந்து தொடங்குகிறது.

பெண்களும் இளம் தொழிலாளர்களும் நூல் ஆலைகளில் சனிக்கிழமை பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று 1850-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அவர்கள் போய்விட்டால் ஆலை எப்படி ஓடும்? மற்றவர்களுக்கும் அரை நாள் லீவு கிடைத்தது. நாளடைவில் மற்றத் தொழில்களுக்கும் அது பரவியது. கை கால் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தால் மணி 3. அதுவே கால்பந்து ஆட்டம் தொடங்கும் நேரம் ஆயிற்று.

பார்த்தவர்கள் மட்டும் அல்ல, ஆடியவர்களும் தொழிலாளர்களே. இன்று உலகம் முழுவதும் தெரிந்த மான்செஸ்டர் யுனைடெட், 1878-ல் ரெயில் பெட்டித் தொழிற்சாலை ஊழியர்கள் தொடங்கிய அணி. ஆர்சனல், 1886-ல் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலையில் பிறந்தது. வெஸ்ட் ஹாம், கப்பல் கட்டும் தொழிலாளர்களின் அணி. அதனால்தான் ஆர்சனலின் சின்னம் பீரங்கி. வெஸ்ட் ஹாமின் சின்னம் சுத்தியல்.

மற்ற ஊர்களின் பட்டப்பெயர்களும் இப்படித்தான். பீங்கானுக்குப் பேர்போன ஸ்டோக் அணிக்குக் "குயவர்கள்" என்று பெயர். தொப்பி செய்யும் லூட்டன் அணி "தொப்பிக்காரர்கள்". காலணி செய்யும் நார்தாம்டன் அணி "செருப்புத் தைப்பவர்கள்". மைதானத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவர், தன் தாத்தாவின் தொழிலைச் சொல்லித்தான் கத்துகிறார்.

கோல் போட்டும் கோட்டை விட்டார்கள்

ரசிகரின் பொறுமைக்குப் பரீட்சை வைப்பதில் மான்செஸ்டர் சிட்டி அணியை மிஞ்ச ஆள் இல்லை. 1937-ல் அந்த அணி நாட்டிலேயே முதல் இடம் பெற்றது. அடுத்த ஆண்டு 80 கோல் போட்டது. முதல் டிவிஷனில் வேறு எந்த அணியும் அத்தனை கோல் போடவில்லை. ஆனாலும் அந்த ஆண்டே இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டது! போட்டதற்குக் கொஞ்சம்தான் குறைவாக வாங்கியும் கட்டிக்கொண்டார்கள்.

1998-ல் மூன்றாம் டிவிஷனுக்கே போய்விட்டது. ரசிகர்கள் போகவில்லை. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், அணி இரண்டாம் டிவிஷனில் தவித்த நாளில், காற்று ஊதிய பெரிய பெரிய வாழைப்பழங்களை ஆட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தவர்கள் ஆயிற்றே! துயரத்தைச் சிரித்துத்தான் ஆற்றவேண்டும்.

44 ஆண்டு காத்திருந்த பிறகு 2012-ல் விடிந்தது. கடைசி ஆட்டத்தில் 90 நிமிடம் முடிந்தபோதும் சிட்டி தோற்றுக்கொண்டுதான் இருந்தது. பிறகு கிடைத்த சில நிமிடங்களில் இரண்டு கோல்! பட்டம் கைக்கு வந்தது.

காணாமல் போன அணி

தோல்வியைத் தாங்கலாம். அணியையே யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்?

லண்டனில் டென்னிஸ் ஆட்டத்துக்குப் பெயர்பெற்ற விம்பிள்டனில் ஒரு கால்பந்து அணி இருந்தது. வயது நூற்றுக்கு மேல். பெரிய பணக்கார அணி அல்ல. ஆனாலும் 1988-ம் ஆண்டு எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில், பலம் பொருந்திய லிவர்பூலை 1-0 என்று மண்ணைக் கவ்வ வைத்தது.

1991-ல் அது தன் சொந்த மைதானமான பிளவ் லேனை விட்டு வேறு அணியின் மைதானத்தில் குடித்தனம் புகுந்தது. 2002-ல் இடி விழுந்தது. சுமார் 90 கிலோ மீட்டர் தள்ளி உள்ள மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்கு அணியை மாற்ற உரிமையாளர்கள் கேட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு விசாரித்தது. இரண்டு பேர் "சரி" என்றார்கள். ஒருவர் "கூடாது" என்றார். அணி போயிற்று. ரசிகர்கள் புதிதாக ஓர் அணி தொடங்குவது கால்பந்தின் பொதுநலனுக்கு உகந்தது அல்ல என்றும் அறிக்கையில் எழுதிவைத்தார்கள்.

ரசிகர்கள் கேட்பார்களா? சில வாரங்களில் பொதுத் திடலில் கூடினார்கள். "கால்பந்து ஆடத் தெரிந்தவர்கள் வரலாம்" என்று அழைப்பு விட்டார்கள். சுமார் 230 பேர் வந்தார்கள். அவர்களில் இருந்து பொறுக்கி எடுத்து ஓர் அணி சேர்த்தார்கள். பெயர், ஏ.எப்.சி. விம்பிள்டன்.

கீழ்மட்டத்தில், ஊர்ப் பந்தயங்களில் இருந்து ஆட்டம் தொடங்கியது. ஒன்பது ஆண்டுகளில் ஐந்து படி ஏறி, 2011-ல் நாட்டின் பெரிய லீக் பந்தயத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். இதற்கிடையே 2007-ல் மில்டன் கீன்ஸ்காரர்கள், பழைய கோப்பைகளை விம்பிள்டன் பகுதிக்கே திருப்பிக் கொடுத்தார்கள். 2018-ல் மில்டன் கீன்ஸ் அணி ஒரு டிவிஷன் கீழே இறங்கியது. மேலே நின்றது, ரசிகர்கள் தொடங்கிய அணி!

கதவு திறந்தது, ஆனால்...

கடைசி ஆசை ஒன்று பாக்கி இருந்தது. பழைய இடத்துக்கே திரும்பவேண்டும். மைதானம் கட்டப் பணம் போதவில்லை. ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கிக் கை கொடுத்தார்கள். 2020 நவம்பரில், பிளவ் லேன் தெருவிலேயே, பழைய மைதானத்துக்குப் பக்கத்தில் புது மைதானம் தயார்.

29 ஆண்டுகள் கழித்து முதல் ஆட்டம். ஆனால் பார்க்க ஒரு ரசிகர் கூட உள்ளே இல்லை! கொரோனா காலம். மைதானத்துக்குள் கூட்டத்துக்குத் தடை. பணம் போட்டவர்கள் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்துதான் ஆட்டம் பார்க்க முடிந்தது.

அதனால் என்ன? பிழைப்புக்காக மனிதன் எந்த ஊருக்கும் போகலாம். திரும்பி வரும்போது, ஊரில் இருக்கவேண்டியது இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால் போதும். விம்பிள்டன்காரர்கள் 18 ஆண்டு போராடியது அதற்காகத்தான்.